முதலில் ஆமை நடக்கட்டும்

பக்கத்து வீட்டு ராத்தா சென்ற மாதம் ஒரு துண்டுப்பிரசுரத்தோடு வந்தார். பத்து வயது மகனைக் 'கோடிங்' வகுப்பில் சேர்ப்பதா, விடுவதா என்பது அவரது கேள்வி. மூன்று மாதத்தில் ஐந்து கணனி மொழிகளாம், முடிவில் சான்றிதழாம். கட்டணமோ புலமைப்பரிசில் வகுப்புக்குக் கொடுப்பதைப் போல மூன்று மடங்கு.

"இவன்ட வாப்பா அனுப்புற காசுல மிச்சம் புடிச்சுக் கட்டிடுவேன். நாளைக்குப் புள்ள பின்தங்கிடக் கூடாதே" என்றார்.

இந்தப் பயம் இன்று அநேகமாக எல்லா வீடுகளிலும் இருக்கிறது. இங்கிலாந்தில் 2014 செப்டெம்பர் முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கே நிரலாக்கம் பாடத்திட்டத்தில் இருக்கிறது என்று கேள்விப்படும்போது பயம் இன்னும் கூடுகிறது. ஆனால் நிரலாக்கம் என்றால் என்ன என்று யாரும் உம்மாமாருக்கு விளங்கச் சொல்வதில்லை.

ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒழுங்கு தவறாமல் எழுதிக் கொடுப்பதுதான் அது. பிளேன்டீ ஊற்றும் விதத்தைப் பிள்ளையிடம் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். கோப்பையை எடுத்து வைக்கச் சொல்ல மறந்திருக்கும். நாம் அதை ஊகித்துக் கொள்வோம், இயந்திரம் ஊகிக்காது. இப்படிப் படிபடியாகச் செல்லும் முறைக்கு 'அல்கோரிதம்' என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் கணிதம் எழுதிய அல் குவாரிஸ்மியின் பெயர் லத்தீனில் திரிந்து வந்த சொல் அது. மின்சாரமே இல்லாத காலத்து மனிதரின் பெயர் என்பதைக் கவனியுங்கள்.

கணனியைச் சிறுவர் கையில் கொடுக்க முதலில் முயன்றவர்களில் ஒருவர் சீமோர் பாப்பர்ட். தென்னாபிரிக்காவில் 1928இல் பிறந்த கணித அறிஞர். 1967இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து அமெரிக்காவில் 'லோகோ' என்ற மொழியைச் சிறுவர்களுக்காகவே ஆக்கினார்கள். அதில் பின்னர் ஓர் 'ஆமை' சேர்ந்தது. இத்தனை அடி முன்னே போ, இத்தனை பாகை வலப்பக்கம் திரும்பு என்று சொன்னால், போன வழியெல்லாம் கோடு கீறும். ஆமை குழம்பினால் பிள்ளை எழுந்து தானே ஆமையாக நடந்து பார்க்க வேண்டும் என்பது பாப்பர்ட்டின் வழி.

அன்று ராத்தாவின் முற்றத்தில் அதைத்தான் செய்தோம். கணனி இல்லை, ஒரு சோக்குக்கட்டி மட்டும். மகன்தான் ஆமை. பத்து அடி போ, 90 பாகை திரும்பு என்று நான்கு தடவை சொன்னதும் சதுரம் வந்துவிட்டது. அடுத்தது சமபக்க முக்கோணி. வாசலில் நின்ற மூத்த மகள், எட்டாம் தரம், "மூணு மூலையும் 60 பாகைதானே, 60 திரும்பு" என்றாள். அவனும் மூன்று தடவை நடந்து திரும்பினான். கோடு மூடவேயில்லை. தொடங்கிய இடத்துக்கு இருபது அடி அப்பால் நின்று சிரித்தான். அவன் கீறியது அறுகோணியின் பாதி.

மகள் முற்றத்தில் இறங்கிவிட்டாள். சோக்கை வாங்கிக் கீறினாள், அழித்தாள், தானே நடந்தாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "நான் உள்மூலைய நெனச்சேன். நடக்கிறவன் திரும்புறது புறக்கோணம். 120!" என்றாள். சுற்றி வந்து சேர மொத்தம் 360 பாகை திரும்ப வேண்டும், மூன்றால் வகுத்தால் 120, நான்கால் வகுத்தால் 90. இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் அந்த 60க்குச் சிவப்புப் பேனையால் ஒரு குறுக்குக் கோடு விழுந்திருக்கும், கதை அத்தோடு முடிந்திருக்கும். இங்கே பிழைதான் பாடத்தையே தொடக்கி வைத்தது. எனக்கு இதில் பிடித்தது இதுதான். ஐந்து மொழிகளின் பெயர் மனனம் செய்த பிள்ளைக்கு இது கிடைக்குமா என்பது சந்தேகம்.

அடுத்த படிக்கும் காசு வேண்டியதில்லை. பாப்பர்ட்டின் வழிவந்த அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட 'ஸ்க்ராட்ச்' இலவசம். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உகந்தது. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும், பிள்ளை அவற்றை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தும். கையடக்கத் தொலைபேசியின் சிறிய திரை இதற்குச் சரிவராது. பழைய மடிக்கணனி ஒன்று கிடைத்தால் போதும். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். முன்பின் தெரியாதவர்களோடு பிள்ளை கதைக்குமோ என்ற கவலையும் அதில் குறைகிறது.

"இப்ப கணனியே நிரல் எழுதுதாமே, படிச்சு என்னத்துக்கு?" என்று ராத்தா நியாயமாகக் கேட்டார். உண்மைதான், 2022 இறுதியில் சாட் ஜிபிடி வந்த பிறகு அது பரவலாகிவிட்டது. ஆனால் அது நம்பிக்கையோடு 60 என்று எழுதித் தந்தால், 120 என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டாமா?

வகுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளை தானாக ஒன்றைச் செய்து, பிழைத்து, திருத்த இடம் கொடுக்கும் ஆசிரியர் கிடைத்தால் சேருங்கள். சேர்க்கமுன் ஒருநாள் பின்வாங்கில் உட்கார்ந்து பாருங்கள்.

ராத்தா பிரசுரத்தை மடித்துக் கையில் வைத்திருந்தார். அவ்வளவு நேரமும் மகனைப் பற்றித்தான் கேட்டிருந்தார். முற்றத்தில் மகள் இப்போது ஐங்கோணி கீறிக்கொண்டிருந்தாள், தம்பி 72, 72 என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

"மாமாட பழைய மடிக்கணனி ஒண்டு சும்மா கெடக்கு" என்றார் மெல்ல. "அத முதல்ல இவளுக்குத்தான் குடுக்கணும் போல."