துடுப்பும் ஒலி அட்டையும்

பௌர்ணமி இரவில் தோணியில் கல்லடிப் பாலத்தடிக்குப் போய், துடுப்பின் ஒரு முனையை மட்டக்களப்பு வாவிக்குள் இறக்கி, மறுமுனையைக் காதில் வைத்து ‘மீன் பாடுது’ என்று கேட்டவர்கள் நம் பகுதிப் பெரியவர்களில் பலர். 1848இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட்டும் தோணிப் பலகையில் காதை வைத்து அந்த ஒலியைக் கேட்டார். 1859இல் வெளியான தமது இலங்கை நூலில் அதை எழுதியும் வைத்தார். பாடுவது மீனல்ல, ஊரி இனமே என்பது அவரது ஊகம். பிற்காலத்தில் யேசு சபைத் துறவி லாங் அடிகளார் அதைக் கருவியால் பதிவு செய்தார். ஆனாலும் மீனா, ஊரியா என்ற கதை இன்னும் ஓயவில்லை.

எனக்கு இதில் வேறொரு கேள்வி உண்டு. வாவிக்கும் காதுக்கும் நடுவே ஒரு மரப்பலகை இருந்ததே, அது ஒலியில் எதைக் கூட்டியது, எதைக் குறைத்தது? கணினி கொண்டு செவிப்புலனை ஆராய்பவர்களுக்கும் இதே கேள்விதான். அங்கே பலகையின் இடத்தில் இருப்பது ‘சவுண்ட் கார்ட்’ எனும் ஒலி அட்டை. கணினியிலுள்ள எண்களை மின்னலையாக்கி ஹெட்ஃபோனுக்கு அனுப்புவதும், ஒலிவாங்கியில் வரும் மின்னலையை எண்களாக்குவதும் அதன் வேலை.

நான் படித்த பல்கலைக்கழகத்தில் செவிப்புல ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு ஒலி அட்டை தெரிவு செய்யும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அதை நான் பாரமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என் ராத்தாவின் மகன்.

குர்ஆன் மத்ரஸாவில் அவன் ஸீனையும், நாக்கு நுனி மேற்பல்லைத் தொட்டு வரும் ‘ஸா’வையும் ஒன்றாகவே ஓதுவான். ‘கவனமில்லாத புள்ள’ என்று பெயர் வாங்கிவிட்டான். இந்த இரண்டு எழுத்துகளையும் பிரித்துக் காட்டும் சீற்றொலி பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. பழைய தொலைபேசியில் ‘ஸ’வும் ‘ஃப’வும் குழம்புவதும் இதனால்தான், அது சுமார் 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கடத்துவதில்லை. தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்கும் பிள்ளை, கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்க்கும். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது.

விடுமுறையில் வந்தபோது என் மடிக்கணினியில் ஒரு சிறு சோதனை எழுதி, ஹெட்ஃபோனை அவனுக்கு மாட்டினேன். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றுக்கும் கையைத் தூக்கினான். “அல்ஹம்துலில்லாஹ், புள்ளைக்கு ஒண்டுமில்ல” என்றா உம்மா. எனக்கு மனம் ஆறவில்லை. ஒலி அளவைப் பூச்சியமாக்கி மறுபடி ஓட்டினேன். அப்போதும் கையைத் தூக்கினான்!

“என்னடா கேட்டுச்சு?”

“டிக் எண்டு கேட்டுச்சு மாமா.”

ஒலி இல்லாத நேரத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த அந்த அட்டை உறங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் விழித்தெழும்போது ஒரு ‘டிக்’. பிள்ளை பதில் சொன்னது என் ஒலிக்கல்ல, அட்டையின் இருமலுக்கு. பிறகு முறையான கேள்திறன் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். உயர் அதிர்வெண்களில் இரு காதிலும் குறைபாடு என்று தெரியவந்தது. அந்த மடிக்கணினியை நம்பியிருந்தால் அவன் இன்னும் ‘கவனமில்லாத புள்ள’யாகவே இருந்திருப்பான்.

இனி, அட்டையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலாவது, மாதிரி எடுக்கும் வேகம். வினாடிக்கு 44,100 மாதிரி எடுத்தால் 22,050 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கலாம். மனிதக் காதின் எல்லை சுமார் 20,000. ஆகவே 192,000 என்ற எண்ணைக் காட்டி விற்பவரிடம் மயங்க வேண்டியதில்லை. வௌவாலை ஆராய்பவருக்கே அது தேவை. ஆனால் கேட்ட வேகத்தையே அட்டை உண்மையாகத் தருகிறதா என்று பாருங்கள். 1998இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ், எதைக் கொடுத்தாலும் உள்ளே 48,000க்கு மாற்றிக்கொள்ளும்.

இரண்டாவது, பிட். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபெல். 16 பிட்டில் மொத்தம் 96 டெசிபெல் கிடைக்கும். மென்பொருளால் ஒலியை 80 டெசிபெல் குறைத்தால் மிஞ்சுவது மூன்று பிட்டுக்கும் குறைவு. அலை படிக்கட்டு மாதிரி உடைந்துவிடும். ஆகவே 24 பிட் அட்டையை எடுத்து, மிக மெல்லிய ஒலிகளுக்கு அட்டைக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவே ஒரு தணிப்பியை வையுங்கள்.

மூன்றாவது, இரைச்சல். கணினிப் பெட்டிக்குள் இருக்கும் அட்டை மின்விசிறி, வன்தட்டு எல்லாவற்றின் மின் இரைச்சலையும் உள்வாங்கும். யூ.எஸ்.பி. வழியாக வெளியே இணைப்பது நல்லது. பல செவிப்புல ஆய்வுக்கூடங்கள் ஆர்.எம்.இ. நிறுவனத்தின் அட்டைகளைப் பாவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, இரு காதுக்கும் ஒரே நேரம். ஒலி வரும் திசையை அறிய, இரு காதுகளையும் அது அடையும் நேர வித்தியாசத்தைக் காது பாவிக்கிறது. கூர்மையான காது 10 மைக்ரோவினாடி வித்தியாசத்தையும் உணரும். 44,100இல் ஒரு மாதிரியின் இடைவெளியோ 23 மைக்ரோவினாடி. இடது வலது தடங்கள் ஒரேயொரு மாதிரி விலகினாலும் திசை ஆய்வு பிழைத்துவிடும்.

இவை பெட்டியில் அச்சிட்டிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அட்டையின் வெளியீட்டை ஒரு கேபிளால் அதன் உள்ளீட்டுக்கே இணைத்து, அனுப்பியதும் திரும்பி வந்ததும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றுமே அனுப்பாமலும் ஒருமுறை பதிவு செய்யுங்கள். அப்போது கேட்பது முழுவதும் அட்டையின் சொந்தக் குரல். கணினியின் ‘ஒலி மேம்பாடு’ வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கடைசியாக, ஹெட்ஃபோனில் உண்மையில் எத்தனை டெசிபெல் வருகிறது என்பதை ஒலிமானியால் அளந்து எழுதி வையுங்கள். அட்டைக்கு டெசிபெல் தெரியாது, வோல்ட் மட்டும்தான் தெரியும். அளவீடு செய்யாத விலையுயர்ந்த அட்டையைவிட, அளந்து சரிபார்த்த நடுத்தர அட்டை மேல்.

மருமகன் இப்போது காதுக்கருவி போட்டிருக்கிறான். ஓதல் மெல்ல மெல்லத் திருந்துகிறது. அடுத்த பௌர்ணமிக்கு நீருக்குள் இறக்கும் ஒலிவாங்கியோடு கல்லடிக்குப் போவோம், இன்ஷா அல்லாஹ். பதிவு செய்யும் பொறுப்பு அவனுக்கு. ஒலிவாங்கியைத் தண்ணியில் போடாமலே முதல் ஐந்து நிமிடத்தைப் பதிய வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.