வெதுவெதுப்பான ஏரி ரயிலை நிறுத்துவது எப்படி?

மாணவர்களே, குளிரூட்டி ஓடும் அறையில் சூடான மைலோ குடித்திருப்பீர்கள். கோப்பையின் மேல் வெள்ளை வெள்ளையாக ஆவி எழும். அதே மைலோவை நண்பகல் வெயிலில் வாசலில் வைத்துப் பாருங்கள். ஆவி அவ்வளவாகத் தெரியாது. பானம் ஒன்றுதான், அதன் மேல் இருக்கும் காற்றுதான் வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டால், அமெரிக்காவில் ஓர் ஏரி ரயில்களையே நிறுத்திவிடுவது எப்படி என்பது எளிதில் விளங்கும்.

அமெரிக்க, கனடா எல்லைப் பகுதியில் ஐந்து பெரும் ஏரிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஈரி ஏரி. அதன் நீளம் ஏறக்குறைய 390 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் சாலையைவிட நீளம்! இந்த ஏரியின் கிழக்கு முனையில் பஃபலோ நகரம் இருக்கிறது.

கோடை முழுவதும் வெயிலில் சூடான ஏரி, உடனே குளிர்ந்துவிடாது. நீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாகவே குளிரும். அதனால் நவம்பர் மாதத்திலும் ஏரி நீர் உறைநிலைக்குப் பல பாகை மேலேயே இருக்கும். அந்த நேரத்தில் வடதுருவப் பகுதியிலிருந்து கடுங்குளிர்க் காற்று வந்து சேர்கிறது. இப்போது ஏரிதான் மைலோ கோப்பை. துருவக் காற்றுதான் குளிரூட்டி.

ஏரியிலிருந்து வெப்பமும் நீராவியும் காற்றுக்குள் ஏறுகின்றன. சூடான காற்று இலேசானது என்பதால் மேலே எழுகிறது. மேலே போகப் போகக் குளிர்ந்து, ஆவி சுருங்கி மேகமாகிறது. பிறகு பனித்துகள்களாகக் கரையில் கொட்டுகிறது. இதைத்தான் ‘ஏரி விளைவுப் பனிப்பொழிவு’ என்கிறோம். ஏரி நீரின் வெப்பநிலைக்கும், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் உள்ள காற்றின் வெப்பநிலைக்கும் குறைந்தது 13 பாகை செல்சியஸ் வேறுபாடு இருக்கிறதா என்று வானிலை ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பார்கள். இருந்தால் எச்சரிக்கை மணி அடித்தாயிற்று!

காற்றின் திசையும் முக்கியம். ஈரி ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. காற்றும் அதே திசையில் வீசினால், ஏரியின் முழு நீளத்தையும் கடந்து, வழியெல்லாம் ஈரத்தை அள்ளிக்கொண்டு பஃபலோவை அடையும். அப்போது பனிமேகம் ஒரு குறுகிய பட்டையாகத் திரண்டு நிற்கும். 2014 நவம்பரில் பஃபலோவின் தெற்குப் புறநகர்களில் ஒன்றரை மீட்டருக்கும் மேல் பனி குவிந்தது. அதே வேளையில் நகரின் வடபகுதியில் சில சென்டிமீட்டர் மட்டுமே விழுந்தது.

ரயில் பாதை ஏன் அங்கே போகிறது?

நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு பயணிகள் ரயில் ஓடுகிறது. அதன் பெயர் ‘லேக் ஷோர் லிமிடெட்’. லேக் ஷோர் என்றால் ஏரிக்கரை. பெயரிலேயே சிக்கல் தெரிகிறது அல்லவா?

ரயிலுக்கு ஏற்றம் ஆகாது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு குறைவு; மேட்டில் ஏறுவது கடினம். அதனால் அந்தக் காலத்து ரயில்வே நிறுவனத்தார் மலைகளைத் தவிர்த்து, ஆற்றோரமாகவும் ஏரிக்கரையோரமாகவும் சமதளத்தில் பாதை அமைத்தார்கள். ‘நீர்மட்டப் பாதை’ என்று பெருமையாகப் பெயரும் வைத்தார்கள். ரயிலுக்கு வசதியான அதே கரைதான், பனி கொட்டுவதற்கும் வசதியான இடம்.

ரயில் எஞ்சின் கனமானது, கொஞ்சம் பனியைத் தள்ளிக்கொண்டு போகாதா என்று நீங்கள் கேட்கலாம். போகும். ஆனால், ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு ரயிலைத் திருப்பும் இடத்தில் நகரும் தண்டவாளம் ஒன்று உண்டு. அது பக்கத்துத் தண்டவாளத்தோடு இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். நடுவில் பனி இறுகிவிட்டால் ஒட்டாது. சமிக்ஞையும் பச்சைக்கு மாறாது. இந்த இடங்களில் பனியை உருக்க மின்சார அல்லது எரிவாயுச் சூடேற்றிகள் உள்ளன. ஆனால் மணிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் பனி கொட்டினால், உருக்குவதைவிடக் குவிவது அதிகமாகிவிடும்.

இன்னொரு தடையைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அமெரிக்கச் சட்டப்படி ரயில் ஓட்டுநர் 12 மணி நேரத்துக்கு மேல் பணியில் இருக்கக்கூடாது. ரயில் தாமதமானால் மாற்று ஓட்டுநர் வரவேண்டும். அவர் வரவேண்டிய சாலையோ பனியில் மூடிக்கிடக்கும்! 2014இல் பஃபலோ அருகே நெடுஞ்சாலையும் மூடப்பட்டது. பஃபலோ வழியாகச் செல்லும் பயணிகள் ரயில்களும் நிறுத்தப்பட்டன.

நிறுத்தாமல் ஓட்டினால் என்ன ஆகும்?

இதற்கு ஜப்பானில் ஒரு பாடம் இருக்கிறது. ஏரி மட்டுமல்ல, கடலும் இதே வேலையைச் செய்யும். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளி, மறுகரையில் உள்ள நீகாத்தா மாநிலத்தில் பனியாகக் கொட்டுகிறது. 2018 ஜனவரி 11ஆம் தேதி மாலை, அங்கே 4 பெட்டிகள் கொண்ட ரயில் ஒன்று சாஞ்சோ நகரில் பனியில் சிக்கிக்கொண்டது. அதில் சுமார் 430 பயணிகள். இரவெல்லாம் பலர் நின்றபடியே கழித்தார்கள். ஏறக்குறைய 15 மணி நேரம் கழித்து, மறுநாள் காலையில்தான் ரயில் நகர்ந்தது. ரயில் நிலையத்தில் காத்திருப்பது சிரமம்தான். நடுவழியில் சிக்கிக்கொள்வது அதைவிடப் பெரிய ஆபத்து. முன்கூட்டியே ரயிலை ரத்து செய்வதன் காரணம் இதுதான்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. அதே சைபீரியக் குளிர்காற்று தெற்கே இறங்கி, தென்சீனக் கடலைக் கடந்து வரும்போது வெப்பத்தையும் ஈரத்தையும் பெறுகிறது. நவம்பர், டிசம்பரில் கிளந்தானிலும் திரங்கானுவிலும் கனமழையாகப் பொழிகிறது. நம் காற்று சூடானது என்பதால் பனி இல்லை, மழை. பனி விழுந்த இடத்திலேயே தங்கித் தண்டவாளத்தை மூடும். மழையோ ஓடி ஆற்றில் சேர்ந்து பாலத்தைத் தாக்கும். பஃபலோ பனியில் மூழ்கிய அடுத்த மாதம், 2014 டிசம்பர் பெருவெள்ளத்தில், கிளந்தானின் கெமுபுவில் இருந்த ரயில் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அந்தப் பாதையில் ரயில் முழுமையாக ஓட ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று.

சிந்தித்துப் பாருங்கள்

ஈரி ஏரி ஆழம் குறைந்தது. சராசரி 19 மீட்டர்தான். அதனால் கடுங்குளிர் ஆண்டுகளில் ஜனவரி, பிப்ரவரிக்குள் பெரும்பகுதி உறைந்துவிடும். மேலே பனிக்கட்டி மூடினால், கோப்பைக்கு மூடி போட்டது போல் ஆவி எழுவது குறைந்து, ஏரி விளைவுப் பனிப்பொழிவும் அடங்கும்.

அப்படியானால், புவி சூடாகி ஏரி உறைவது தள்ளிப்போனால், பஃபலோவில் பனிப்பொழிவு குறையுமா, கூடுமா? ‘சூடானால் பனி குறையும்’ என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். மைலோ கோப்பையை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் பதிலைச் சொல்லுங்கள்.