கிறிஸ்துமஸ் வரை நேரம் கேட்டவர்

2023 நவம்பர் 25. உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 41 தொழிலாளர்கள் சிக்கி இரண்டு வாரம் ஆகப்போகிறது. துளை போட்டுக்கொண்டிருந்த ஆகர் இயந்திரம் உள்ளேயே மாட்டி முறிந்துவிட்டது. ஆஸ்திரேலிய நிபுணர் அர்னால்டு டிக்ஸ், கிறிஸ்துமஸுக்குள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்றார். இன்னும் ஒரு மாதமா என்று கேட்டவர்களுக்குப் பகீரென்றிருக்கும். எனக்கோ அந்தப் பதிலில்தான் அவருடைய தொழில் புரிந்தது.

டிக்ஸ் நிலவியலும் படித்தவர், சட்டமும் படித்தவர். அப்போது பன்னாட்டுச் சுரங்கப்பாதைச் சங்கத்தின் தலைவர். விநோதமான சேர்க்கைதான். ஆனால் ஒரு சுரங்கம் இடிந்தால் இரண்டு கேள்விகள் எழும். பாறை ஏன் நகர்ந்தது? நகரும் என்று யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்? முன்னது நிலவியலாளருக்கு, பின்னது வழக்கறிஞருக்கு.

தீபாவளியன்று அதிகாலை, வாயிலிலிருந்து 200 மீட்டருக்குச் சற்று அப்பால் கூரை சரிந்து, ஏறக்குறைய 60 மீட்டர் நீளத்துக்கு வழி அடைபட்டது. நல்லவேளை, அதற்குப் பின்னால் முடிந்த சுரங்கம் இரண்டு கிலோமீட்டர் இருந்தது. நடமாட இடம், மின்சாரம், தண்ணீர் இருந்தன. குழாய் வழியே காற்றும் உணவும் போயின. ஆக, அவசரப்பட வேண்டிய கட்டாயம் இல்லை. அவசரப்பட்டால்தான் ஆபத்து. அந்த இடிபாட்டுக் குவியல் வழியை மறித்துக் கிடக்கிற மண் மட்டுமல்ல. மேலே உடைந்து நிற்கும் பாறைக்கு இப்போது முட்டுக்கொடுப்பதும் அதுதான். மணல் மேட்டின் அடியில் ஒரு பிடி உருவினால் உச்சி சரியும், இல்லையா? நவம்பர் 17 அன்று மலைக்குள் பெரிய விரிசல் சத்தம் கேட்டதுமே துளையிடுவதை நிறுத்த நேர்ந்தது.

ஆகர் என்பது ராட்சதத் திருகு. மண்ணைக் குடைந்து பின்னால் தள்ளும். கூடவே இரும்புக் குழாய் முன்னேறும். வெறும் மண்ணாக இருந்தால் பிரச்சினை இல்லை. இங்கே, கூரையைத் தாங்கிய இரும்புச் சட்டங்களும் குவியலில் புதைந்து கிடந்தன. அவற்றில் சிக்கித்தான் திருகு முறிந்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்த பிறகு, மீதி இருந்த சுமார் 12 மீட்டரை முடித்தவர்கள் எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள். 80 சென்டிமீட்டர் குழாய்க்குள் ஊர்ந்து போய்க் கையால் தோண்டி, மண்ணைத் தள்ளுவண்டியில் வெளியே அனுப்பினார்கள். ஏறக்குறைய ஒரே நாளில் வேலை முடிந்தது. நிலக்கரி எடுக்க 2014-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்த முறை இது! ஆனால் கை அதிர்வு தராது. எதிரே கல்லா, கம்பியா என்று தொட்டே அறியும்.

28ஆம் தேதி இரவு 41 பேரும் வெளியே வந்தார்கள். சுரங்க வாயிலிலிருந்த சிறு கோயிலில் டிக்ஸ் கும்பிட்ட படம் நாடெங்கும் வெளியானது. கணக்கு தெரிந்தவருக்கு மலையிடம் பயமும் இருக்கத்தானே செய்யும்.

2018-இல் மத்திய அமைச்சரவை இந்தச் சுரங்கப்பாதைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தபோது, தப்பிக்கும் வழியும் அதில் சேர்ந்தே இருந்தது. கூரை விழுந்த அன்று அங்கே அப்படி ஒரு வழி இல்லை. அது வழக்கறிஞருக்கான கேள்வி.