வீட்டுக் கொட்டகையில் விமானம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தங்கள் கையாலேயே ஆகாய விமானம் கட்டி, தாங்களே அதிலேறிப் பறக்கும் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர் என்பதை நமது நேயர்களிற் பலர் அறிந்திருக்கலாம். இவர்கள் தொழிற்சாலை அதிபர்கள் அல்லர். பகலெல்லாம் ஏதேனும் ஓர் உத்தியோகம் பார்த்துவிட்டு, இரவு போஜனம் முடிந்ததும் மோட்டார் கொட்டகையில் விளக்கேற்றி, அலுமினியத் தகட்டை அளந்து, வெட்டி, துளையிட்டு, ரிவெட்டு ஆணி அடிக்கும் சாமானிய கிருகஸ்தர்கள். ஒரு சிறு விமானம் உருப்பெற ஆயிரம், இரண்டாயிரம் மணி நேர உழைப்பு வேண்டும். சிலருக்கு அது பத்து வருஷ காரியமாகவும் நீண்டுவிடுகிறது. 1953-ம் வருஷத்தில் பால் போபரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் இத்தகையோருக்கென ஒரு சங்கம் ஸ்தாபித்தார். ஆதியில் அச்சங்கத்தின் காரியாலயமும் அவர் வீட்டு நிலவறைதான். இன்று அச்சங்கம் ஆஷ்காஷ் நகரில் வருஷந்தோறும் ஜூலை மாதக் கடைசியில் கூட்டும் திருவிழாவுக்குப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் வந்து இறங்குகின்றன.

இத்தனை செல்வாக்குடன் வளர்ந்துள்ள இந்தக் கைத்தொழில் வினோதத்துக்கு, அந்நாட்டின் பல ஊர்களில் ஸ்தல ஸ்தாபனத்தாரின் விதிப்புத்தகம் குறுக்கே நிற்கிறது. வீட்டில் விமானம் கட்டலாகாது என்று நகரசபை உத்தியோகஸ்தர் ஒருவர் வந்து நோட்டீஸ் ஒட்டிப் போகிறார். அதை மீறினால் நாள் ஒன்றுக்கு ஒரு குற்றமென்று கணக்கிட்டு அபராதம் ஏறும் ஊர்களும் உண்டு. ஐந்து வருஷம் உழைத்து, இறக்கைகள் முடிந்து, வயிற்றுப்பாகம் பாதி முடிந்த நிலையில் ஒருவர் இந்த நோட்டீஸைக் கையில் வாங்கினால் அவர் மனம் என்ன பாடுபடும் என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை. இது அந்நிய தேசத்து விஷயமாயினும், சட்டத்தின் தத்துவத்தைப் பற்றிய கேள்வியொன்று இதில் அடங்கியிருப்பதால், நமது அபிப்பிராயத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் இவ்விதிகளின் பூர்வோத்தரத்தைச் சற்றுக் கவனிப்போம். ஊரை வட்டாரங்களாகப் பகுத்து, இங்கே வீடு, இங்கே கடை, இங்கே ஆலை என்று வரம்பு கட்டும் முறைக்கு அமெரிக்கர் ஸோனிங் என்று பெயரிட்டிருக்கின்றனர். நியூயார்க் நகரில் 1916-ம் வருஷத்தில் இம்முறை நகரம் முழுவதுக்குமாக அமுலுக்கு வந்தது. அதன்பின் ஓஹையோ மாகாணத்தில் கிளீவ்லாந்து நகரை அடுத்த யூக்ளிட் என்ற சிற்றூர் தானும் ஒரு விதி செய்தது. அங்கே 68 ஏக்கர் நிலம் வைத்திருந்த ஆம்ப்ளர் கம்பெனியார், தங்கள் நிலத்தின் விலை இவ்விதியால் சரிந்துவிட்டதென்று வழக்காடினர். 1926-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு ஊராரின் பக்கமே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லாந்து, தொழுவத்தில் இருக்கவேண்டிய பன்றி கூடத்துக்கு வந்துவிட்டால் அதுதான் உபத்திரவம் என்ற கருத்தில் ஓர் உவமானம் கூறினார். அவ்வுவமானத்தை அந்நாட்டு வக்கீல்கள் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கின்றனர். நகரசபை உத்தியோகஸ்தரின் கண்ணுக்கு நமது விமானக்காரரும் கூடத்துக்கு வந்த பன்றியாகவே தோன்றுகிறார்!

யூக்ளிட் தீர்ப்பை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. குழந்தைகள் உறங்கும் வீட்டுக்கு அடுத்தாற்போல் தோல் பதனிடும் ஆலை எழும்புவதைத் தடுக்க ஊராருக்கு அதிகாரம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதே அதிகாரத்தை வைத்து ஒருவன் தன் சொந்தக் கொட்டகைக்குள் என்ன சாமான் செய்யலாம், என்ன சாமான் செய்யலாகாது என்று பெயர் குறித்துத் தடுப்பது வேறு சங்கதி.

இவ்விதிகளின் வாசகத்தைப் பார்த்தால் சூக்ஷ்மம் விளங்கும். ஒற்றைக் குடும்ப வாசத்துக்கென்று ஒதுக்கிய வட்டாரத்தில், பிரதான உபயோகம் குடியிருப்பு. அதற்கு வழக்கமாகத் துணையாய் அமையும் உபயோகங்களுக்கும் அனுமதி உண்டு என்று பெரும்பாலான ஊர்களின் விதிகள் கூறுகின்றன. தோட்டம் போடலாம், நாய் வளர்க்கலாம், பழைய மோட்டார் வண்டியைப் பிரித்துப் பூட்டலாம், படகுகூடக் கட்டலாம்; இவை வழக்கம். விமானம் கட்டுவது வழக்கமா? இந்த ஒரு சொல்லில் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. வழக்கமானதை மட்டும் அனுமதிப்பதென்றால், எந்தக் காரியத்தையும் எவனும் முதன்முதலாகச் செய்யவே முடியாது. முதலில் செய்பவன் எப்பொழுதும் வழக்கத்துக்கு விரோதமாகவே செய்கிறான். இந்த மோட்டார் கொட்டகையையே எடுத்துக்கொள்வோம். மோட்டார் வண்டி புதிதாக வந்த நாளில், பெட்ரோல் நிறைந்த யந்திரத்தை வீட்டுச் சுவரோடு சுவராக நிறுத்துவது எவருக்கும் வழக்கமாயிருக்கவில்லை. பிற்காலத்தில் அதுவே வழக்கமாகி, கொட்டகையில்லாத வீட்டை வாங்குவாரில்லை என்ற நிலை ஏற்பட்டது. கலிபோர்னியா மாகாணத்துப் பாலோ ஆல்டோ நகரில் ஹியூலெட், பாக்கார்டு என்ற இரு வாலிபர்கள் 1939-ம் வருஷத்தில் கூட்டு வியாபாரம் தொடங்கியது ஒரு வீட்டு மோட்டார் கொட்டகையில்தான். அவர்கள் மின்சாரக் கருவிகளை விற்பதற்கென்றே செய்தார்கள். அந்தக் கொட்டகையை இன்று அம்மாகாணத்தார் சரித்திரச் சின்னமாகப் பதிவு செய்து, வாசலில் பலகை நாட்டியிருக்கின்றனர். விற்பனைக்குச் செய்தவர்களுக்குப் பலகை. வினோதத்துக்குச் செய்பவருக்கு நோட்டீஸ்!

வினோதத்துக்கு என்று நாம் சொன்னது வெறும் பேச்சன்று, சட்டத்தின் சொல். சமஷ்டி சர்க்காரின் விமான விதிகளின்படி, சொந்தமாகக் கட்டிய விமானத்துக்குப் பறக்கும் சான்று கிடைக்கவேண்டுமானால், அதன் பெரும்பகுதியைக் கட்டியவர்கள் தங்கள் கல்விக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் மட்டுமே அவ்வேலையை மேற்கொண்டவர்களாக இருக்கவேண்டும். லாபத்துக்கென்று கட்டினால் அந்தச் சான்று இல்லை. இதன் விளைவைக் கவனியுங்கள். வாஷிங்டனில் உள்ள அதிகாரி, "இது தொழிலாக இருந்தால் உமக்குச் சான்று தரமாட்டேன்" என்கிறார். ஊரில் உள்ள அதிகாரியோ, "இது தொழிலாதலால் வீட்டு வட்டாரத்தில் கூடாது" என்கிறார். ஒரே காரியம் ஒரே சமயத்தில் தொழிலாகவும் தொழிலல்லாததாகவும் இருக்கவேண்டியிருக்கிறது. நியாயஸ்தலத்தில் இந்த முரண்பாட்டை எடுத்துக்காட்டும் வக்கீலுக்கு வேறு வாதம் அதிகம் வேண்டியதில்லை என்றே நாம் கருதுகிறோம்.

இந்தச் சமஷ்டி விதியும் எளிதில் கிடைத்ததன்று. 1930-களில் சமஷ்டி அதிகாரிகள் வீட்டு விமானங்களுக்கு ஏறக்குறையக் கதவடைத்துவிட்டனர். ஆரிகான் மாகாணத்தார் மட்டும் சற்றுத் தாராளமாக நடந்துகொண்டனர். அம்மாகாணத்து ஜார்ஜ் போகார்டஸ் என்பவர், 1947-ம் வருஷத்தில் தமது சிறு விமானத்திலேயே கண்டத்தின் மேற்குக் கோடியிலிருந்து வாஷிங்டன் வரை பறந்து சென்று, அதிகாரிகள் முன் தம் கட்சியை எடுத்துரைத்தார். வீட்டு விமானம் அபாயகரமானது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, அவர் வந்து இறங்கிய விமானமே சாக்ஷி. அதன்பின் விதிகள் தளர்ந்தன. அந்த விமானம் இப்பொழுது ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இருக்கிறது. நமது சென்னையிலும் இத்தகைய ஆர்வம் வெகு காலத்துக்கு முன்பே தலைகாட்டியதுண்டு. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஆஞ்செலிஸ் என்பவர் தாமே திட்டம் வகுத்து, சிம்ப்ஸன் கம்பெனியில் ஒரு விமானம் செய்வித்து, 1910-ம் வருஷத்தில் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். சமீப காலத்தில் மும்பை காந்திவலியில் ஒரு விமானி தம் வீட்டு மொட்டைமாடியிலேயே விமானம் கட்டி, 2016-ம் வருஷத்துப் பொருட்காட்சியில் வைத்ததையும், மறு வருஷம் அது பதிவு பெற்றதையும் பத்திரிகைகளில் கண்டோம்.

சமஷ்டி சட்டம் மேலானதாயிற்றே, ஊர் விதி அதற்கு அடங்கவேண்டாமா என்று சிலர் கேட்கலாம். இதில் விமானக்காரர்கள் ஏமாறக்கூடாது. இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை ஜெட் விமானம் கிளம்பலாகாதென்று பர்பாங்க் நகரம் செய்த விதியை 1973-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது மெய்தான். ஆனால் அது வானத்தில் நடக்கும் போக்குவரவைப் பற்றியது. தரையின் உபயோகம் ஊராரின் அதிகாரத்திலேயே நிற்கிறது. மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஹார்வர்டு என்ற ஊரில் ஒருவர் தம் நிலத்தில் சொந்த ஓடுபாதை வைத்திருந்தபோது, அது குடியிருப்புக்கு வழக்கமான துணை உபயோகமன்று என்று 1971-ம் வருஷத்தில் அம்மாகாண உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. இத்தீர்ப்பு நியாயமானதே. ஓடுபாதை என்பது அண்டை வீட்டின் கூரைமேல் விமானம் தாழப் பறப்பது. கொட்டகைக்குள் தகடு வெட்டுவது அப்படியன்று. ஆனால் கீழ் அதிகாரிகள் பலர் இந்த வித்தியாசத்தைக் கவனியாமல், விமானம் என்ற பெயரைக் கேட்டதும் ஓடுபாதையைக் கற்பனை செய்துகொள்கின்றனர்.

உண்மையில் கொட்டகையில் கிடப்பது எப்பொழுது விமானமாகிறது? இறக்கை ஒரு மூலையில், வால் ஒரு மூலையில், யந்திரம் இன்னும் வாங்கப்படவே இல்லை. பலரும் கட்டும் ஆர்.வி.-6 என்ற மாதிரியின் இறக்கை நீளம் முனைக்கு முனை 23 அடிதான். முடிந்தபின் அதன் எடை ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு, அதாவது சாதாரண மோட்டார் வண்டியின் எடையில் மூன்றிலொரு பங்கு. வேலை தீர்ந்ததும் இறக்கைகளைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் வண்டியில் ஏற்றி விமான நிலையத்துக்குக் கொண்டுபோய், அங்கே பூட்டிப் பரீக்ஷை அதிகாரியிடம் காட்டுகின்றனர். முதல் 25 அல்லது 40 மணி நேரம் குறிப்பிட்ட எல்லைக்குள், ஜனநெருக்கமில்லாத பிரதேசத்தின் மேலேயே பறந்து சோதிக்கவேண்டும் என்பதும் விதி. ஆகவே தெருவின்மேல் விமானம் விழுமே என்ற பயத்துக்கு, தெருவிலுள்ள கொட்டகையைப் பூட்டுவது பரிகாரமாகாது.

அண்டை வீட்டாரின் குறைகளை நாம் அலட்சியம் செய்யவில்லை. ரிவெட்டுத் துப்பாக்கியின் படபடப்பும், காற்றழுத்த யந்திரத்தின் இரைச்சலும் இரவு பத்து மணிக்குமேல் கேட்டால் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் பொறுக்கமாட்டாள்; பொறுக்கவேண்டும் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பிசின்களும் வர்ணங்களும் விஷ ஆவி கக்குபவை. பெட்ரோல் எரியக்கூடியது. யந்திரத்தை வீட்டு வாசலிலேயே ஓட்டிப் பார்க்கும் அவசரக்காரரும் உண்டு. சுழலும் உந்துவிசிறி தெருப்பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இருக்கத் தகுந்த வஸ்துவன்று. எல்லாவற்றிலும் மோசம், உற்சாகம் குன்றி, பாதியில் விட்ட உடற்கூட்டைத் தார்ப்பாயால் மூடி முற்றத்தில் வருஷக்கணக்காகப் போட்டுவைப்பது. எதிர்வீட்டுக்காரர் மனு எழுதுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஆனால் மேற்சொன்ன குறைகள் யாவும் சப்தம், புகை, தீ, கண்ணுக்கு ஒவ்வாமை என்ற நாலு வகையில் அடங்கிவிடுகின்றன. அவற்றில் விமானத்துக்கே உரியது ஒன்றேனும் உண்டா? இரவில் மரம் அறுப்பவனும் அதே சப்தம் செய்கிறான். பழைய மோட்டாருக்கு வர்ணம் அடிப்பவனும் அதே ஆவியை விடுகிறான். சப்தத்தைத் தடுக்கவேண்டுமானால் சப்தத்தைத் தடுக்கட்டும். பொருளின் பெயரைச் சொல்லித் தடுக்கும் விதி, தொல்லை கொடாதவனையும் தண்டித்து, தொல்லை கொடுக்கும் மற்றவனை விட்டுவிடுகிறது. மேலும் இவ்விதிகள் சாதாரணமாக எவரேனும் புகார் செய்தபோதுதான் விழித்துக்கொள்கின்றன. வேலி விஷயமாகவோ நாய் விஷயமாகவோ மனஸ்தாபம் கொண்ட ஒரு பக்கத்து வீட்டுக்காரர், பத்து வருஷம் தூங்கிக்கிடந்த விதியைத் தட்டி எழுப்பிவிடலாம். சட்டம் தனி மனிதரின் கோபத்துக்குக் கருவியாவதை நாம் எங்கும் ஆதரிக்க முடியாது.

இதைவிடக் கடினமான தடை வேறொன்று உண்டு. புதிய குடியிருப்புகள் பலவற்றில் வீட்டுக்காரர் சங்கங்கள் கிரயப் பத்திரத்தோடு ஒட்டிய நிபந்தனைகளால் ஆட்சி செய்கின்றன. புல் எவ்வளவு வளரலாம், கதவுக்கு என்ன வர்ணம், கொட்டகைக் கதவு எத்தனை நேரம் திறந்திருக்கலாம் என்பன வரை இவை வகுத்திருக்கின்றன. நகரசபையிடம் விசேஷ அனுமதிக்கு மனுச் செய்யலாம், பகிரங்க விசாரணை கேட்கலாம், அப்பீல் செய்யலாம். கையெழுத்திட்ட ஒப்பந்தத்திடம் இவை எளிதில் செல்லா. வீடு வாங்குமுன் நிபந்தனைப் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டுவது விமானம் கட்ட நினைப்பவரின் முதல் வேலையாக இருக்கவேண்டும். தனவந்தருக்கு இக்கவலை இல்லை. புளோரிடா மாகாணத்து ஸ்ப்ரூஸ் கிரீக் போன்ற இடங்களில், வீட்டோடு விமானக் கொட்டகையும், ஊருக்குள்ளேயே ஓடுபாதையும் அமைந்த குடியிருப்புகள் இருக்கின்றன. இரண்டு வண்டி நிறுத்தும் கொட்டகை ஒன்றே உடைய குமாஸ்தாவுக்குத்தான் விதி முழு பலத்துடன் பாய்கிறது.

ஸ்தல ஸ்தாபனத்தார் செய்யக்கூடியது கடினமானதன்று. மூடிய கொட்டகைக்குள், விற்பனை நோக்கமின்றி, வீட்டுக்காரரே ஒரு சமயத்தில் ஒரு விமானம் கட்டுவதைத் துணை உபயோகங்களின் ஜாபிதாவில் வெளிப்படையாகச் சேர்த்துவிடலாம். யந்திரத்தை வாசலில் ஓட்டுவதையும், பெரிய வர்ணப் பூச்சையும், அளவுக்குமேல் பெட்ரோல் சேமிப்பதையும் தடுக்கலாம். யந்திரக் கருவிகளுக்கு நேர வரம்பு கட்டி, மரவேலைக்காரருக்கும் மோட்டார் பழுது பார்ப்பவருக்கும் அதே வரம்பை விதிக்கலாம். திறந்த முற்றத்தில் எதுவும் கிடக்கலாகாது என்பது படகுக்கும் விமானத்துக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். இன்று நோட்டீஸ் பெற்றுப் பாதி விமானத்தோடு நிற்பவர்களுக்கு, புதிய விதி வரும்வரை தினசரி அபராதத்தை நிறுத்திவைக்கவும் சபையார் உத்தரவிடவேண்டும்.