அரைச் சொட்டை அளக்கும் பம்பு

இடைசெவல், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் காட்டில், மாடு பூட்டிக் கமலை இறைத்த கிணறுகள் பலவற்றுக்குப் பின்னாளில் டீசலில் ஓடும் ஆயில் எஞ்சின் வந்தது. அதன் பக்கவாட்டில் கைக்கு அடக்கமான ஓர் உலோகப் பெட்டி இருக்கும். அதுதான் டீசல் பம்பு. பழைய லாரிகளிலும் பழைய டீசல் கார்கள் சிலவற்றிலும் இருப்பது இதன் அண்ணன். சிலிண்டருக்கு ஒன்றாக நான்கோ ஆறோ பம்புகள் ஒரே கூட்டுக்குள் வரிசையாக நிற்கும்.

மாணவர்களே, ஒரு கணக்குப் போடுங்கள். 5 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் டீசல் குடிக்கிறது. நிமிடத்திற்கு 1500 தடவை சுற்றுகிறது என்று கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை டீசல் பாயும். அதாவது மணிக்கு 45,000 முறை. 1000 கன செ.மீ.யை 45,000 ஆல் வகுத்தால் 0.022 கன செ.மீ. வருகிறது. ஒரு நீர்ச்சொட்டின் கன அளவு ஏறத்தாழ 0.05. ஆக, ஒவ்வொரு முறையும் அரைச் சொட்டுக்கும் குறைவு! அதுவும் சுமார் 200 வளிமண்டல அழுத்தத்தில், புகைபோல் நுண்திவலைகளாகப் பாய வேண்டும்.

ருடால்ஃப் டீசல் 1897இல் வெற்றி கண்ட எஞ்சினில் அழுத்திய காற்றே எரிபொருளை உள்ளே ஊதித் தள்ளியது. அதற்குத் தனியாக ஒரு காற்றழுத்தி வேண்டும். வண்டியில் அதைச் சுமக்க முடியுமா? ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927இல் டீசல் பம்புகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய பிறகே லாரிகளுக்கு வழி பிறந்தது.

பம்பின் உயிர் பிளஞ்சர் எனும் சிறு தண்டு. பேரல் எனும் உருளைக்குள் அது ஏறி இறங்கும். ஏறும் உயரம் எப்போதும் ஒன்றே. பின் டீசலின் அளவு கூடுவதும் குறைவதும் எப்படி? தண்டின் மேல் சாய்வாக ஒரு வெட்டு உண்டு. அந்த வெட்டின் விளிம்பு பேரலிலுள்ள துளையை எட்டியதும் அழுத்தம் வடிந்துவிடும், டீசல் நின்றுவிடும். தண்டைச் சற்றே திருகினால் விளிம்பு துளையை முந்தியோ பிந்தியோ எட்டும். அளவும் அதற்கேற்ப மாறும். எவ்வளவு எளிய சூழ்ச்சி!

தண்டுக்கும் பேரலுக்கும் இடையே ரப்பர் வளையம் கிடையாது. இடைவெளி 2, 3 மைக்ரான்தான்; தலைமயிரின் தடிமனோ ஏறத்தாழ 70 மைக்ரான். இரண்டையும் ஜோடியாகவே இழைத்திருப்பதால் ஒன்றின் தண்டு மற்றொன்றின் பேரலுக்கு உதவாது. மெக்கானிக் தண்டை டீசலில் நனைத்து, பேரலுக்குள் பாதி இழுத்து விட்டுப் பார்ப்பார். தன் எடையால் மெல்ல வழுக்கி இறங்கினால் நல்லது. பொத்தென்று விழுந்தால் தேய்ந்துவிட்டது. கோடைக்காற்றில் பறக்கும் கரிசல் புழுதி இதற்குப் பெரும் பகை. துடைக்கும் துணியின் நூல்கூட ஆகாது. பருத்தி விளையும் சீமையில் பம்புக்குள் மட்டும் பஞ்சுக்கு இடமில்லை!

டாங்கி வற்றினால் குழாயில் காற்று புகும். 200 வளிமண்டல அழுத்தத்தில் டீசல் நூற்றில் ஒரு பங்குதான் சுருங்கும். காற்றோ பாயில் விதிப்படி இருநூறில் ஒரு பங்காக ஒடுங்க வேண்டும். ஆகவே தண்டு குமிழியை அமுக்குவதோடு சரி, நாசில் திறக்காது. திருகைத் தளர்த்தி, நுரையில்லாத டீசல் வரும்வரை கையால் பம்பு அடிப்பது இதற்காகத்தான்.

பல சிலிண்டர் பம்பைச் சோதனை மேடையில் ஓட்டி, கண்ணாடிக் குழாய்களில் விழும் டீசலைச் சமப்படுத்துவார்கள். "இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்கள்" என்று கேட்கும் ஓட்டுநர்கள் உண்டு. காற்று எரிக்கக்கூடிய அளவை மீறினால் மிச்சம் கரும்புகைதான்.

பட்டறையில் நாசிலைச் சோதிக்கும்போது விரலை மட்டும் அருகே நீட்டாதீர்கள். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். முதலில் வலியே தெரியாமல் போகலாம். தாமதித்தால் விரலையே எடுக்க நேரலாம். ஊசி முனையளவு காயமானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், டீசல் உள்ளே பாய்ந்தது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.