கண் மை போட்டால் எரிகிறதா? வாங்கும் முன் இதைப் பாருங்க

சுங்கைப் பட்டாணி இரவுச் சந்தையில் வாங்கிய மையைப் போட்டதும் கண் எரியுதா, இமை அரிக்குதா? அடுத்த முறை விலையை மட்டும் பார்க்காதீங்க.

எதைச் சரிபார்க்க வேண்டும்?

மலேசியாவில் விற்கப்படும் அழகு சாதனங்கள் என்பிஆர்ஏ-விடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் இணையதளத்தில் பொருளின் பெயரைத் தேடினால் 'என்ஓடி' எனத் தொடங்கும் எண் வரும். ஆனால், எண் இருப்பதாலேயே அது உங்கள் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை.

எப்படிச் சோதிப்பது?

வாசனை சேர்க்காததைத் தேர்ந்தெடுங்கள். முழங்கையின் உள்பக்கம் சில நாள் தடவிப் பாருங்கள். சிவந்தால் வேண்டாம். ஒத்துக்கொண்டால், இமை முடிக்கு வெளியே மட்டும் தீட்டுங்கள். தூங்கும் முன் கலைத்துவிடுங்கள். மஸ்காராவை மூன்று மாதத்தில் மாற்றுங்கள், தோழிக்குக்கூடக் கொடுக்காதீங்க.

குழந்தைக்கு மை வைக்கலாமா?

வேண்டாம். சில சுர்மா, காஜல் வகைகளில் ஈயம் இருப்பதாக அமெரிக்காவின் எஃப்டிஏ எச்சரித்துள்ளது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டில் விளக்குக் கரியில் செய்த மையிலும் கிருமி சேரலாம்.

கண் வலித்தாலோ பார்வை மங்கினாலோ மையைக் கழுவிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.