விபத்தில்லா மாதத்துக்கு விருந்து... அன்றே வெடித்த ஆலை! டெக்சாஸ் சிட்டியில் என்ன நடந்தது?

2005 மார்ச் 23. அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில், அப்போது பிபி நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. ஒரு மாதமாக யாரும் காயத்தால் வேலை நாளை இழக்கவில்லை என்பதற்காக ஒப்பந்த ஊழியர்களுக்கு மதிய விருந்து. சாப்பிட்டுவிட்டு டிரெய்லர் அலுவலகங்களுக்குத் திரும்பினார்கள். பிற்பகல் 1.20-க்கு வெடிப்பு. 15 பேர் பலி, 180 பேர் காயம்.

என்ன நடந்தது?

பராமரிப்புக்காக நிறுத்திய யூனிட்டை மறுபடி இயக்கும் நேரம் அது. 170 அடி உயரக் கோபுரத்துக்குள் எரியக்கூடிய திரவம் போய்க்கொண்டே இருந்தது; வெளியேறும் வழியோ மணிக்கணக்கில் மூடியிருந்தது. உள்ளே 158 அடி வரை நிரம்பியபோது கன்ட்ரோல் ரூம் திரை காட்டியது சுமார் 8 அடிதான். அதுவும் குறைந்துகொண்டே வருவதாக! அடிப்பகுதியை மட்டுமே அளக்கும் கருவி அது. எச்சரிக்க வேண்டிய இன்னொரு அலாரமும் அடிக்கவில்லை.

வழிந்த திரவம் பழைய புகைபோக்கி வழியாக வெளியே கொட்டி, ஆவியாகப் பரவித் தீப்பிடித்தது. அங்கே ஃபிளேர் இருந்திருந்தால், அது பாதுகாப்பாக எரிந்து போயிருக்கும்.

ஆபரேட்டர் தப்பா?

அவ்ளோ சிம்பிள் இல்லை. 12 மணி நேர ஷிஃப்டில், 29 நாளுக்கும் மேலாக லீவே இல்லாமல் வேலை பார்த்தவர்கள் அவர்கள். முந்தைய ஸ்டார்ட்-அப்களில் பெரும்பாலானவற்றிலும் திரவமும் அழுத்தமும் எல்லை மீறியிருந்தன, யாரும் விசாரிக்கவில்லை. டிரெய்லர்கள் நின்றது அந்தப் புகைபோக்கியிலிருந்து வெறும் 121 அடியில். இறந்த 15 பேரும் அந்த டிரெய்லர்களிலோ அருகிலோ இருந்தவர்கள்.

அப்போ, எதை எண்ணணும்?

ஹெல்மெட், கையுறை, வழுக்கி விழாமல் பார்ப்பது எல்லாம் தனிநபர் பாதுகாப்பு. அலாரம், வால்வு, அழுத்தம், ஷிஃப்ட் நேரம், கட்டடம் இருக்கும் இடம் ஆகியவை செயல்முறைப் பாதுகாப்பு. முதலாவதில் நூறு மார்க் வாங்கினாலும் இரண்டாவதில் ஃபெயில் ஆகலாம். 2007-இல் வந்த பேக்கர் குழு அறிக்கையும் இதைத்தான் சுட்டிக்காட்டியது.

'எத்தனை நாளா விபத்து இல்லை?' என்ற போர்டு மட்டும் போதாது. கேட்க வேண்டியவை இவை: அலாரத்தைக் கடைசியா எப்போ சோதிச்சீங்க? நூலிழையில் தப்பிய சம்பவங்களை விசாரிச்சீங்களா? யூனிட்டை ஸ்டார்ட் பண்ணும்போது பக்கத்துல வேலை இல்லாத ஆட்கள் யாராவது இருக்காங்களா?